ஞானஜோதி சொன்ன சாட்சி

சேலையூர் ஏரிக்கரைக்குக் கீழே, கேம்ப் ரோட்டிலிருந்து பிரிகிற மண் சந்தில், மூன்றாவது ஓட்டு வீடு தயாளனுடையது. தாம்பரம் ரயில் ஷெட்டில் அவனுக்கு ஃபிட்டர் வேலை. ஷெட்டில் அவன் ஒரு குரல் கொடுத்தால் பத்துப் பேர் ஓடி வருவார்கள். வீட்டுக்கு வந்தால் எங்கே காலை வைப்பது என்று தெரியாமல் வாசற்படியிலேயே நிற்பான். கூடம் முழுக்கப் பட்டு நூல் நீண்டு கிடக்கும். தெரியாமல் மிதித்துவிட்டால் அன்றைக்குக் குழம்பில் உப்பு இருக்காது.

நூலை நீட்டிப் போட்டிருப்பவள் அவன் மனைவி ஞானஜோதி. சுவரில் சாய்ந்து, வலது காலை நீட்டி, எட்டு இழைகளின் தலைமுடிச்சைக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு பின்னுவாள். நாலு இழை இந்தப் பக்கம், நாலு இழை அந்தப் பக்கம். ஓரத்து இழையைப் பின்னால் கொண்டுபோய், எதிர்ப் பக்கத்து நான்கின் நடுவே வெளியே எடுத்து, மறுபடி தன் பக்கத்துக்கே திருப்ப வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கும். செய்து பார்த்தால் இந்தப் பத்து விரலும் யாருடையவை என்று தோன்றிவிடும். காஞ்சிபுரத்துத் தறிகளில் சேலையை அறுத்த பிறகு நீளவாட்டு நூலான பாவில் மிஞ்சுகிற முழ நீளத் துண்டுதான் அவளுக்கு நூல். வேறு எதற்கும் அது உதவாது. கைக்கயிற்றுக்கு அந்த முழம் போதும். பின்னல் பாதி வந்ததும் எட்டு இழையையும் ஒரு மணிக்குள் நுழைத்து, மறுபக்கம் மீண்டும் பின்னி முடிப்பாள்.

மணி, பக்கத்து வீட்டுக் கங்கம்மாவின் கைவேலை. அவள் புருஷன் வீட்டார் ஏரித் தண்ணீரில் நெல் விளைத்தவர்கள். நிலத்தில் மனைக்கல் நட்ட பிறகு அவளுக்கு மிஞ்சியது ஏரி மண் ஒன்றுதான். ஆடியில் ஏரி வற்றிக் கிடக்கும்போது களிமண் வெட்டி வந்து, கல் பொறுக்கி, பிசைந்து, புளியங்கொட்டை அளவுக்குத் தட்டையாக உருட்டுவாள். தீக்குச்சியால் துளை போட்டு, நிழலில் காயவைத்து, பானையில் உமியோடு சுடுவாள்.

முதல் வருஷம் உருண்டையாகத்தான் செய்தார்கள். வாங்குகிறவர்கள் ஏர்ஃபோர்ஸ் கேம்ப்பில் குடியிருக்கும் வடக்கத்திப் பெண்கள். ஆடி முடிகிற பௌர்ணமிக்கு அண்ணன் தம்பி கையில் கயிறு கட்டுவது அவர்கள் வழக்கம். அண்ணன் தம்பியெல்லாம் பஞ்சாபிலும் பீகாரிலும் இருப்பதால் கயிறு தபால் கவருக்குள் போகும். தபாலாபீசில் முத்திரை குத்துகிறவன் ஓங்கிக் குத்திய ஒரே குத்தில் உருண்டை மணி தூளாகிவிட்டது. பாட்டியாலாவில் யாரோ ஓர் அண்ணன் கவரைப் பிரித்து, சேலையூர் ஏரி மண்ணை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தானாம். அதிலிருந்துதான் தட்டை மணி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊர்க் கைக்கெல்லாம் கயிறு பின்னுகிற ஞானஜோதியின் கையில் ஒரு குந்துமணி நகை கிடையாது. பதினோரு வருஷத்துக்கு முன்பு அவளும் தயாளனும் அசரியா பாஸ்டரின் சபையில் சேர்ந்தார்கள். அங்கே பெண்களுக்கு வெள்ளைச் சேலைதான். நகை, பூ, பொட்டு எதுவும் ஆகாது. தாலிகூட ஆகாது. சேர்ந்த அன்றைக்கே தாலியையும் கம்மலையும் தன் கையாலேயே கழற்றி வைத்தவள் ஞானஜோதி. காதுத் துளைகள் தூர்ந்தே போய்விட்டன. ஊர் கூடாது என்கிற ஆடி மாதத்தில் கல்யாணம் வைத்துக் காட்டுவது அந்தச் சபையின் வீம்பு. அந்த வீம்பு அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. மகள் பியூலாவுக்கும் எழுபதாம் வருஷத்து ஆடியில், ஒரு வியாழக்கிழமை, சபை ஹாலில் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை சுந்தர்சிங் அதே சபைப் பிள்ளை.

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது ஒரு புதன்கிழமை மத்தியானம். ஆடிக் காற்று வெளியே ஓட்டைப் பெயர்த்துக்கொண்டிருந்தது. நூல் பறக்கும் என்பதால் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, ஞானஜோதியும் பியூலாவும் பின்னிக்கொண்டிருந்தார்கள். கங்கம்மா முறத்தில் மணிகளைப் போட்டு விரிசல் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று பேருக்கும் வியர்வை காது வழியாக ஒழுகியது.

"ஜோதி, கதவயாச்சும் தொற. வெந்து பூடுவேன் போலகீது."

"தொறந்தா நூலெல்லாம் ஏரிக்குப் போயிடும். உன் மணி உமியில வேகுதே, அது கேக்குதா கதவத் தொறன்னு?"

"அதுக்கு வாயி இல்ல. எனுக்கு கீது." கங்கம்மா பியூலா பக்கம் திரும்பினாள். "இன்னாடி, மாப்ள வூட்ல போயும் இப்டித்தான் காலை நீட்டிக்கினு குந்தப் போறியா?"

"அங்கயும் சுவர் இருக்குக்கா. சாஞ்சுக்குவேன்."

அப்போதுதான் கதவு திறந்தது. காற்று உள்ளே பாய்ந்து நாற்பது இழைகளை அள்ளிக்கொண்டு போய்ச் சாமான் அலமாரியில் மாட்டியது. வாசலில் தயாளன் நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அசரியா பாஸ்டர் வந்தார்.

பாஸ்டர் கெட்ட மனிதர் இல்லை. பியூலா டைபாய்டில் கிடந்தபோது மூன்று நாள் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இதே கூடத்தில் முழங்காலில் நின்றவர். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

"சிஸ்டர், வேலைய கொஞ்சம் நிறுத்துங்க."

"இந்த முடிச்சப் போட்டுடுறேன் ஐயா. பாதியில விட்டா பிரிஞ்சுடும்."

முடிச்சு விழும்வரை அவர் நின்றார். தயாளன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை.

"கேம்ப்புக்கு ஊழியத்துக்குப் போயிருந்தேன். நம்ம தமிழ்ப் பையன் ஒருத்தன், ஏர்மேன், கையில பட்டுக் கயிறு, மணியோட. எங்க வாங்கினன்னு கேட்டா இந்தச் சந்தைக் காட்டுறான்."

"நல்லா இருந்துச்சாங்க ஐயா?"

தயாளன் கூரையைப் பார்த்தான். பாஸ்டர் தரையில் கிடந்த கயிறுகளைக் காட்டினார்.

"ஆபரணத்தைக் கழற்றினது நீங்க. அதை அடுத்தவன் கையில மாட்டி விடுறதும் நீங்க. இது என்ன சாட்சி, சிஸ்டர்?"

"நான் போட்டுக்கலையே ஐயா."

"நான் குடிக்கல, காய்ச்சி விக்கிறேன், அவ்வளவுதான்னு ஒருத்தன் சொன்னா ஒத்துக்குவீங்களா?"

முறத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே கங்கம்மா சொன்னாள். "இத கட்டிக்கினு எவனும் ரோட்ல உருள்றது இல்லியே சாமி."

பாஸ்டர் அவள் பக்கம் திரும்பவில்லை. "வர்ற ஞாயிறு திருவிருந்து. சாட்சி நேரத்துல எழுந்து நில்லுங்க. இந்த வேலைய விட்டுட்டேன்னு ஒரு வரி சொல்லுங்க. போதும். சொல்லலன்னா உங்களுக்கு அப்பம் கிடையாது. வியாழக்கிழமை ஹாலும் திறக்காது."

"பொண்ணு என்ன தப்பு பண்ணுச்சு ஐயா?" என்றான் தயாளன்.

"அது கால்ல என்ன மாட்டியிருக்குன்னு பாருங்க பிரதர்."

எல்லோரும் பியூலாவின் கட்டைவிரலைப் பார்த்தார்கள். பியூலாவும் பார்த்தாள். கழற்றவில்லை. அடுத்த இழையை எடுத்துப் பின்னால் கொண்டுபோனாள்.

சாயங்காலம் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். தயாளன் களியை விரலால் குழித்துக் குழித்து மூடிக்கொண்டிருந்தானே தவிர வாயில் வைக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஷெட் காகிதம் ஒன்றை எடுத்தான். ஒரு வரி எழுதியிருந்தான். ஆபரணம் செய்கிற பாவத்தை விட்டுவிட்டேன், சபை எனக்காக ஜெபிக்க வேண்டும்.

"ஒரே ஒரு வரி, ஜோதி. சொல்லிட்டு உக்காந்துடு. கல்யாணம் முடிஞ்சதும் என்னவோ பண்ணிக்க."

"சபையில நின்னு பொய் சொல்லணுமா?"

"பொய்யாக்க வேணாம். நிஜமாவே விட்டுடேன்."

"நீங்களும் ஸ்பானரக் கீழ வச்சிட்டு வந்துடுங்க. ரெண்டு பேரும் ஏரிக்கரையில உக்காந்து ஜெபம் பண்ணலாம்."

"ஸ்பானரும் இதுவும் ஒண்ணா?"

"நீங்க பழுது பாத்து விட்ட ரயில்ல எத்தன பொம்பளைங்க நகை போட்டுக்கிட்டுப் போறாங்க. எறக்கியா விடுறீங்க?"

தயாளன் காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினான். ஞானஜோதிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தணிந்துவிடும். அவன் பயப்படுவது அதற்குத்தான்.

"தாலி வேணாம்னீங்க, கழட்டினேன். பூ வேணாம்னீங்க. கலர் சேலை வேணாம்னீங்க. எதுக்கும் நான் மொகம் சுளிச்சதில்ல. ஆனா எட்டு இழையும் சரியா வந்து உக்காரும்போது எனக்கு மனசு நெறயுதுங்க. ஜெபத்துல நெறயுதே, அதே மாதிரிதான். அதப் பாவம்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

"பியூலா கல்யாணம் நின்னு போச்சுன்னா?"

அடுக்களையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பியூலா கையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது இருவருக்கும் தெரியும். உள்ளேயிருந்தே அவள் குரல் வந்தது.

"எனக்காக எதையும் சொல்லிடாதம்மா. அப்புறம் ஆயுசுக்கும் அது என் தலையில உக்காந்துக்கும்."

சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளையின் தாய் லோகநாயகி குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் வந்து இறங்கினாள். ஒல்லியான பெண், வெள்ளைச் சேலை, நரை ஏறிய கொண்டை. சபையில் கஞ்சிரா தட்டுகிறவள் அவள்தான். அவள் தட்டினால்தான் பாட்டுக்குக் கால் முளைக்கும். புருஷன் போய்ப் பத்து வருஷமாகிறது.

ஞானஜோதி கொடுத்த காபியைத் தொடாமல், தரையில் கிடந்த கயிறு ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பாஸ்டர் எங்க வூட்டாண்ட வந்தாரு."

"கல்யாணத்த நிறுத்தச் சொன்னாரா, சம்பந்தி?"

"அத்த அவரு சொல்லல. நான் இன்னா சொல்றேன்னு பாத்துகினு கீறாரு." கயிற்றை மடியில் வைத்துக்கொண்டாள். "நானும் இப்டித்தான் கால்ல நூல மாட்டிக்கினு கட்டுவேன். மல்லி, கனகாம்பரம். தாம்பரம் ஸ்டேசன் வாசல்ல. ஆபீஸ் போற பொம்பளைங்க என்னாண்ட தான் வாங்குவாங்கோ."

"தெரியும்."

"சுந்தருக்கு அப்ப பதிமூணு வயசு. அவுங்கப்பா போயி ஆறு மாசம். பூவு விக்கிறது பாவம்னாரு பாஸ்டரு. எந்திரிச்சி நின்னு, விட்டுட்டேன்னு சொன்னேன். ஹாலே ஸ்தோத்திரம் சொல்லிச்சு. மறுநாளு அடுப்பு எரியல. ஸ்தோத்திரம் சொன்ன ஜனத்துல ஒருத்தரும் வந்து எட்டிப் பாக்கல. புள்ள படிப்ப விட்டுட்டு டீக்கடைல கிளாஸ் கழுவப் போச்சு."

ஞானஜோதி கையிலிருந்த இழையைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கி நானும் ஸ்தோத்திரம் சொன்னேன், சம்பந்தி."

"தெரியும். உன் கொரலு கேட்டுச்சு."

அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதுபோலச் சொன்னாள். ஞானஜோதிக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"எனுக்கு பியூலா வேணும்," என்றாள் லோகநாயகி எழுந்துகொண்டே. "கல்யாணம் ஹால்ல நடக்கணும், நாலு பேர் பாக்கணும்னும் ஆசையாகீது. இதுக்கு மேல என்னாண்ட ஒண்ணும் கேக்காத. எனுக்கே தெரியல."

அவள் போன பிறகு ஞானஜோதி பின்னிய கயிறு தப்பாக வந்தது. பிரித்துவிட்டு மறுபடி பின்னினாள். அதுவும் தப்பு. பத்து வருஷத்துக்கு முன்பு தான் வாய் நிறையச் சொன்ன அந்த ஒரு சொல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அன்றைக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டது ஞாபகம் வந்தது. தன்மேலேயே அப்படி ஒரு வெறுப்பு அவளுக்கு அதற்கு முன் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிரம்பியிருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின்கீழ் பாய் விரித்து, இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். செய்தி எல்லோருக்கும் எட்டியிருந்தது. எட்டாதது போல எல்லோரும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்கள். தயாளன் ஆண்கள் பக்கத்திலிருந்து மனைவியைப் பார்த்தான். அவன் எழுதிக் கொடுத்த காகிதத்தில் கயிற்றை மடித்து அவள் கேம்ப்புக்குக் கொடுத்தனுப்பியது அவனுக்குத் தெரியாது.

சாட்சி நேரம் என்பது அந்தச் சபையில் யார் வேண்டுமானாலும் எழுந்து, அந்த வாரம் ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையைச் சொல்கிற நேரம். சொல்கிறவர் நிறுத்துகிற இடத்தில் எல்லாம் சபை ஸ்தோத்திரம் சொல்லும். யாராவது வளவளவென்று போனால் பாஸ்டர் ஒரு கோரஸ் பாட்டை எடுத்துவிடுவார். பேசியவர் உட்கார வேண்டியதுதான்.

ஞானஜோதி எழுந்து நின்றாள்.

"இன்னொரு வாரம் உயிரோடயும் பெலத்தோடயும் நடத்தின ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம்," என்றது ஹால்.

"இந்த வாரம் காத்து பலமா இருந்துச்சு. கதவச் சாத்திட்டு வேல செஞ்சோம். இருநூத்தி நாப்பது கயிறு பின்னி முடிக்க ஆண்டவர் என் விரலுக்குப் பெலன் குடுத்தார்."

"ஸ்தோத்திரம்," என்றது பாதி ஹால். பழகின வாய், யோசிப்பதற்குள் சொல்லிவிட்டது. சுதாரித்துக்கொண்டவர்கள் பாதியில் விழுங்கினார்கள். ஒரு பெரியவர் சொல்லி முடித்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து என்ன சொன்னாள் என்று கேட்டார்.

பாஸ்டர் எழுந்து கோரஸை எடுத்தார். உரத்த குரல் அவருக்கு. சபையும் சேர்ந்துகொண்டது. ஆனால் கஞ்சிரா கேட்கவில்லை. லோகநாயகி அதை மடியில் கவிழ்த்து வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாளம் இல்லாமல் பாட்டு ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தது. இரண்டாம் முறை பாடும்போது பாஸ்டரும் முன்வரிசை ஆண்கள் இரண்டு பேரும்தான் மிச்சம். மூன்றாம் முறை அவரே நிறுத்திவிட்டார்.

ஞானஜோதி நின்றுகொண்டேதான் இருந்தாள்.

"பக்கத்து வீட்டு கங்கம்மா சுட்ட மணியில ஒண்ணுகூட உடையல. அதுக்கும் ஸ்தோத்திரம். மிச்சக் கயிற நாளைக்குப் பின்னுவேன். அடுத்த வருஷமும் பின்னுவேன். நான் கழட்டினத எனக்காகக் கழட்டினேன். ஊரார் கையில இருக்கறத கழட்ட நான் யாரு."

"சிஸ்டர், உக்காருங்க," என்றார் பாஸ்டர்.

"பாவத்த ஒத்துக்கச் சொன்னீங்க ஐயா. ஒண்ணு இருக்கு, சொல்லிட்டு உக்காந்துடுறேன். பத்து வருஷத்துக்கு முன்னாடி, புருஷன எழந்த ஒரு சிஸ்டர் இதே எடத்துல நின்னு, பூக் கட்டுற பொழப்ப விட்டுட்டேன்னு சொன்னாங்க. அவங்க வீட்டுல அடுப்பு எரியுமான்னு நான் யோசிக்கல. சந்தோஷமா ஸ்தோத்திரம் சொன்னேன். என் கையால நான் ஒரு பாவமும் செய்யல. செஞ்சதெல்லாம் அந்த வாயாலதான். அந்த சிஸ்டர்கிட்ட மன்னிப்புக் கேக்குறேன்."

அவள் உட்கார்ந்தாள். காற்று கூரையை ஒருமுறை தூக்கிப் போட்டது. பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு குரல், லோகநாயகியின் குரல், சொன்னது.

"ஸ்தோத்திரம்."

பாஸ்டர் பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்தார். இயேசுவின் நினைவாக எல்லோரும் பகிர்ந்து உண்கிற அப்பத் தட்டை எடுத்து ஆசீர்வதித்தார். பெண்கள் பக்கம் நீட்டும்போது, ஞானஜோதி சிஸ்டருக்கு இன்று இல்லை என்று பெயர் சொல்லியே சொன்னார். அங்கே அப்பத்தை யாரும் ஊட்டுவதில்லை. தட்டு கை மாறிக் கை மாறி வரிசையில் போகும், அவரவர் ஒரு துண்டு எடுத்துக்கொள்ள வேண்டும். அவமானமும் அதில்தான் அதிகம். தன் கையில் வந்த தட்டைத் தானே அடுத்தவளுக்குக் கொடுக்க வேண்டும்.

தட்டு முதலில் பியூலாவிடம் வந்தது. அவள் வாங்கினாள். எடுக்காமல் தாயிடம் கொடுத்தாள். ஞானஜோதி வாங்கி லோகநாயகியிடம் நீட்டினாள். லோகநாயகி அதை ஒரு நிமிஷம் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு திருவிருந்தும் தவறவிட்டதில்லை. கண் நிறைந்து வழிந்தது. துடைக்காமல் தட்டைப் பின்னால் நகர்த்தினாள். அவளுக்குப் பின்னால் இருந்தவளும் எடுக்கவில்லை. அதற்கடுத்தவளும் எடுக்கவில்லை.

எல்லோரும் அப்படியே செய்தார்கள் என்று சொன்னால் அது கட்டுக்கதை. ஏழெட்டுப் பேர் எடுத்தார்கள். எடுத்தவர்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். ஆண்கள் பக்கத்தில் வழக்கம்போல எல்லோரும் எடுத்தார்கள், தட்டு தயாளனிடம் வருகிற வரைக்கும். அவன் தட்டைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் குனிந்திருந்தான். பிறகு பக்கத்தில் இருந்த சுந்தர்சிங்கிடம் கொடுத்தான். மாப்பிள்ளையும் எடுக்காமல் அனுப்பினான். பாஸ்டரின் கைக்குத் திரும்பியபோது தட்டில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அவர் அதைப் பார்த்தபடி நின்றார். மூடுகிற வெள்ளைத் துணி எங்கே என்று தேடினார். அது அவர் தோளிலேயே கிடந்தது.

கூட்டம் முடிந்து செருப்பு மாட்டுகிற இடத்தில் பாஸ்டர் தயாளனைத் தனியாகக் கூப்பிட்டார். சாதாரணமாக அவர் பேச ஆரம்பித்ததும் தயாளன் கையைக் கட்டிக்கொள்வான். இன்றைக்குக் கட்டவில்லை.

"பிரதர், வியாழக்கிழமை ஹால் திறந்திருக்கும். நான் யோசிச்சிட்டேன்."

"சந்தோஷம் ஐயா. ஆனா கல்யாணம் எங்க வீட்டு வாசல்ல."

பாஸ்டர் லோகநாயகியைப் பார்த்தார். அவள் கஞ்சிராவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னை இன்னாத்துக்குப் பாக்குறீங்கோ? சம்பந்திதான் சொல்லிட்டாரே," என்றாள். "பந்தல்காரன் எனுக்குத் தெரிஞ்சவன். போற வழியிலயே சொல்லிட்டுப் போறேன்."

"ஜெபிச்சு நடத்தி வைக்க ஒரு ஊழியக்காரன் வேணுமே, பிரதர்."

"பத்து மணிக்கு ஐயா. நீங்க வந்தா நீங்க ஜெபிங்க," என்றான் தயாளன். "வரலன்னா நான் ஜெபிப்பேன்."

சொல்லிவிட்டு, தன் செருப்போடு மனைவியின் செருப்பையும் தேடி எடுத்து, அவள் காலருகே போட்டான்.